மண்ணரைக் கல்லறைத் தோட்டத்தில் எழுந்து நின்ற வெள்ளை உருவங்கள்

முதலில் ஒரு திருத்தம். பேய் இருப்பதாகச் சொல்லப்படும் இடங்களுக்குப் போய்ப் படம் எடுக்கும் சில இளைஞர்கள், திருப்பூர் மண்ணரைப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது என்னையும் இழுத்து வைத்துப் பேசுகிறார்கள். ‘இறந்த கணவரோடு விடிய விடிய நின்று பேசிய டீச்சர்’ என்கிறார்கள். அந்த டீச்சர் நான்தான். நான் என் கணவரோடு பேசவில்லை. அழவும் இல்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெள்ளைப் புடவையில் நின்றேன் என்பது முழுப் பொய். சாம்பல் நிறத்தில் மெல்லிய ‘வாயில்’ பருத்திப் புடவை உடுத்தியிருந்தேன். கொண்டை போட்டு, வலையும் மாட்டியிருந்தேன். வாழ்க்கையில் ஒரு நாளும் நான் தலையை விரித்துக்கொண்டு வாசல் தாண்டியதில்லை.

இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில்கள், மலைகள், ரயில் பயணங்கள் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் அண்மையில் அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்டு எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் போனது 1994-இல், ஆடி மாதத்தில். அப்போது மடத்துக்குளத்தில் ஆசிரியையாக இருந்தேன். என் கணவர் அருளப்பன் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். வாரக் கடைசியில் ஊருக்கு வந்துபோவார். நான் போனதற்கு மூன்று வருடம் முன்பு அவர் வேலை நேரத்திலேயே மாரடைப்பில் இறந்தார். அவர் சேர்ந்திருந்த சர்ச், எங்கள் வழக்கில் பங்கு, திருப்பூர் என்பதால் அங்கேயே அடக்கம் செய்தோம். கல்லறை கட்டும்போது, அதற்கு இடப்பக்கத்து இடம் எனக்கு என்று கல்லறைக் கமிட்டி ஒப்புக்கொண்டது. வாய்வார்த்தைதான். கோயில் மனிதர்களின் சொல் போதும் என்று அப்போது நினைத்தேன்.

அந்த வருடம் கமிட்டித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, பழைய கல்லறைத் தோட்டத்தை மூடப் போவதாகச் சொன்னார். இருட்டியபின் அங்கே வெள்ளை வெள்ளையாக உருவங்கள் எழுந்து நிற்கின்றனவாம். தலை கிடையாது, கை கிடையாது. நின்றபடியே ஊதிப் பெரிதாகின்றன, பிறகு குனிந்து கும்பிடுகின்றன. இரண்டு வருடமாக ஆனி, ஆடியில் மட்டும் இப்படி. சாயங்காலம் அடக்கத்துக்குக் கூட யாரும் வருவதில்லை. ஊருக்கு வெளியே புது நிலம் பார்த்தாகிவிட்டது, இனி எல்லோருக்கும் அங்கேதான்.

“அப்படியானால் எனக்கு?” என்று கேட்டேன்.

“உங்களுக்கும் அங்கதானுங்க டீச்சர். புது எடம், நல்ல எடமுங்க. காம்பவுண்டு, தண்ணி, எல்லாம் இருக்குதுங்க.”

செத்தவளுக்குக் குழாய்த் தண்ணீர் எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பேய் இல்லை என்று நான் காட்டினால் மூடாமல் இருப்பீர்களா என்று மட்டும் கேட்டேன். “பேயே இல்லைன்னா எதுக்குங்க மூடப்போறோம்?” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்தவள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் மறுபடி விரிக்கச் சொல்வார்கள். பேயைப் பார்த்தேன் என்று ஒரு பெண் அலறினால், எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கேட்பார்கள். பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குள் பேய் போய்விடும்.

மடத்துக்குளத்திலிருந்து உடுமலைப்பேட்டை பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூர் சுமார் அறுபது. பிற்பகல் இரண்டேகாலுக்குக் கிளம்பி, உடுமலையில் பேருந்து மாறி, ஐந்தரைக்கு இறங்கினேன். இரண்டு பேருந்துக்கும் சேர்த்துப் பத்து ரூபாய்க்குள்தான் ஆனது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து நேராக அடித்துக்கொண்டிருந்தது. பேருந்தின் ஜன்னல் பலகைகளை இறக்கியும் வாயெல்லாம் மண். பல்லடம் தாண்டியதும் வாசனை மாறும்: விசைத்தறி எண்ணெய் போய், பிளீச்சிங் பவுடரும் சாயமும் கலந்த நெடி. திருப்பூரில் இருப்பவர்களுக்கு அது மூக்கில் ஏறுவதில்லை. என் கணவரின் சட்டைகளில் அந்த நெடி எப்போதும் இருந்தது. அன்று நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது தண்ணீர் ஒரு கரையில் ஊதாவாகவும் மறுகரையில் கறுப்பாகவும் கிடந்தது.

பங்குக் கோயிலில் கல்லறைத் தோட்டத்துச் சாவி வாங்கிக்கொண்டு, ராத்திரி சாப்பாடு முடித்து, எட்டே முக்காலுக்கு ஆட்டோ பிடித்தேன். போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து நாற்பது ரூபாய் பேசினேன். ஓட்டுநர் சாதிக், முப்பது வயதுக்காரர், முன்பு ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிடம் வேலை பார்த்தவர். இடத்தைச் சொன்னதும் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, இந்நேரத்துக்கா? அடக்கம் ஏதாச்சுமுங்களா?”

“இல்லை. பேய் இருக்கிறதாமே, பார்க்கப் போகிறேன்.”

“இருக்குதுங்க. எங்க மச்சான் பாத்துருக்காப்ல. எட்டு உருப்படி வரிசையா நிக்குமாங்க, ஸ்கூல்ல பிரேயருக்கு நிக்கற மாதிரி.”

“பிரேயருக்கு நிற்கத் தெரிந்த பேய் என்றால் கிறிஸ்தவப் பேயாகத்தான் இருக்கும். என்னை ஒன்றும் செய்யாது.”

அவர் சிரித்தார். “நீங்க போனீங்கன்னா அதுங்க பயந்துக்குமுங்க. ஆனா நான் கேட்டுக்கு இந்தப் பக்கந்தான். உள்ள வரமாட்டேனுங்க. எங்கூட்டுல தெரிஞ்சா என்னைய வாசல்லயே படுக்கப் போட்டுருவாங்க.”

மண்ணரைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து, தொழிலாளர் லைன் வீடுகளைத் தாண்டி அரை கிலோமீட்டர் மண் பாதை. ஷிப்ட் முடிந்த பெண்கள் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். அதற்கப்புறம் விளக்கு இல்லை. கேட்டைத் திறந்தபோது சாதிக் ஆட்டோவின் விளக்கை உள்ளே பார்த்துத் திருப்பி வைத்தார். அதன் வெளிச்சம் முதல் இரண்டு வரிசைக் கல்லறைகளோடு நின்றுவிட்டது. மீதிக்கு மங்கிய நிலாவும் என் கை டார்ச்சும்தான்.

உள்ளே போய்க் கொஞ்ச தூரத்தில் சத்தம் கேட்டது. ‘பட் பட்’ என்று ஈரமான எதையோ கல்லில் அடிப்பது போன்ற சத்தம். காற்று ஓய்ந்தால் சத்தமும் ஓய்ந்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு மாதிரி நீண்ட ஓசை வந்தது. தோட்டத்தின் பின்பக்கம், மேற்குச் சுவரை ஒட்டி, முதலாவது எழுந்தது. ஆள் உயரம், அல்லது அதற்கும் மேல். வெள்ளை. தோள் வரை இருந்தது, தோளுக்கு மேல் ஒன்றுமில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக எல்லாம் ஒரே நேரத்தில் ஊதி நிமிர்ந்தன. காற்று இறங்கியதும் இடுப்பு மடங்கி, கல்லறைகளின்மேல் முன்னால் விழுந்து கிடந்தன.

பயந்தீர்களா என்று கேட்பீர்கள். பயந்தேன். செபமாலை கைப்பையில் இருந்தது. ஒரு கையில் டார்ச், மறு கையில் புடவைக் கொசுவம், எடுக்க முடியவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது அடுத்த காற்று வந்தது. நான்காவது வரிசையில், இரும்புச் சிலுவை உள்ள ஒரே கல்லறையிலிருந்து ஓர் உருவம் எழுந்து நின்றது. அது அருளப்பனின் கல்லறை. சிலுவையை இரும்பில் செய்யச் சொன்னவள் நான்தான்.

பயம் போய்க் கோபம் வந்தது. வேறு யாருடைய கல்லறையில் வேண்டுமானாலும் பேய் எழட்டும். அவர் உயிரோடு இருந்தபோதே தேவையில்லாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். நேரே போய் அந்த உருவத்தை ஒரு கையால் பிடித்தேன்.

ஈரத் துணி. விரல் பட்டதும் தெரிந்துவிட்டது: பின்னல் துணி, பனியன் துணி. நிட்டிங் மெஷினில் துணி குழாய் போலத்தான் இறங்கும், பக்கவாட்டில் தையல் இருக்காது. பிளீச்சிங் முடிந்த குழாய்த் துணியின் ஒரு வாயை ஒரு பழைய சைக்கிள் ரிம்மில் மாட்டி, ரிம்மை மேற்குப் பார்த்துச் சிலுவையின் கையில் கம்பியால் கட்டியிருந்தார்கள். காற்று ரிம் வழியாக நுழைந்து, துணியின் வயிற்றை நிரப்பி, மறுமுனையில் வெளியேறுகிறது. ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும். ஆனி, ஆடியில் மட்டும் பேய் வந்ததற்கு மாதம் காரணமில்லை, காற்றுதான் காரணம். இந்த ஊரில் பனியன் துணியைத் தொடாத கை கிடையாது. ஆயிரம் முறை வெட்டித் தைத்து மடித்தவர்கள்தான் அதைக் கல்லறைகளுக்கு நடுவே பார்த்ததும் அடையாளம் தெரியாமல் ஓடியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தவறான செய்தி பரவியிருக்கும்போது பாதி உண்மை போதாது. துணியைப் பிடித்தபடி நின்றேன். காற்று மறுபடி வந்தது. நிரம்பிய துணி என் தோளில் சாய்ந்தது. கனமாக, குளிர்ச்சியாக, தூக்கக் கலக்கத்தில் ஒருவர் சாய்வது போலச் சாய்ந்தது. அந்த நெடியும் இருந்தது. நான் உடனே விலகவில்லை. ஒரு நிமிடம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். பேசவில்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கேட்டுப் பக்கம் ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. விளக்கு ஒரு சுற்றுச் சுற்றிப் பாதைப் பக்கம் போயிற்று. சாதிக் போய்விட்டார்.

“ஏ, யாரு அது? துணிய விடு! பேயின்னா அங்கிட்டுப் போ, களவாணின்னா கையில கம்பு இருக்கு, பாத்துக்க!”

இரண்டு கல்லறைகளுக்கு நடுவே சாக்கில் படுத்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தாள். பின்னால் இன்னொருத்தி, அவள் நாத்தனார். நான் யார் என்று சொன்னேன். இது என் கணவரின் கல்லறை என்றும் சொன்னேன். கம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

பெயர் முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு பிளீச்சிங் பட்டறையில் துணி காயப்போடும் வேலை. பட்டறைக் களத்தில் பகல் துணிக்கே இடம் போதவில்லை. வெளியே போட்டால் மண் அப்பும், ஆடு மிதிக்கும். இங்கே புல்தரை, மூன்று பக்கம் சுவர். இடிந்த பின்சுவர் வழியாகக் கொண்டுவந்து கட்டிவிட்டு, விடியும் முன்பு டெம்போவில் ஏற்றிவிடுகிறார்கள்.

“பேய் வதந்தி உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்னம்மா? மொத வருசம் ரெண்டு துணி களவு போச்சு, நாங்கதான் காசு கட்டி அழுதோம். பேயின்னு பேச்சு கெளம்பின பெறவு ஒரு முழம் போகல.” சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “ஐயா சிலுவதாம்மா காத்துக்கு நேர நிக்கி. அதான் கட்டுனோம். தப்பா நெனைக்காதீய.”

இந்தப் பேயைச் சொல்லித்தான் கல்லறைத் தோட்டத்தை மூடப் போகிறார்கள், காலையில் நான் கமிட்டியிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவள் முகம் மாறியது.

“சொன்னா எங்கள வெரட்டிருவாக. காத்து இன்னும் ஒரு மாசந்தான் அடிக்கும். அதுவரைக்கும் பொறுக்கக் கூடாதா?”

“ஒரு மாதத்தில் மூடிவிடுவார்கள். எனக்கு இவர் பக்கத்தில் இடம் வேண்டும்.”

“நீங்க இன்னும் இருவது முப்பது வருசம் இருப்பீய. எனக்கு நாளைக்கு ராத்திரி துணி வருதே, அத எங்கன போட?”

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் என் முடிவு மாறவில்லை. துணியைப் பார்த்தேன் என்று சொல்வேன், யார் கட்டியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாளை நீங்கள் இங்கே இருந்தால் பிடிபடுவீர்கள் என்றேன். சிலுவையில் கட்டியிருந்ததை அவிழ்க்கக் கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். பாதி ஈரத்தில் அவிழ்த்தால் தரையில் விழுந்து அழுக்காகும். அழுக்கான துணியை என் கணவர் மன்னிக்க மாட்டார்.

மீதி ராத்திரி அவருடைய கல்லறை மேடையில் உட்கார்ந்திருந்தேன். துணிகள் எழுவதும் விழுவதுமாக இருந்தன. என்னவென்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறை எழும்போதும் நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் அடித்தது. விடிவதற்கு முன்பு டெம்போ வந்தது. அதிலேயே டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து டவுனுக்கு வந்து, காலைப் பூசை பார்த்துவிட்டு, சாதிக் ஏன் அப்படி விட்டுவிட்டுப் போனார் என்று கேட்க ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன்.

டீக்கடையில் கூட்டம். நடுவில் சாதிக்.

“நான் எங்கண்ணால பாத்தனுங்க. அந்தம்மா கட்டிப் புடிச்சுட்டு நிக்கறாங்க. அதும் அவங்க தோள்ல சாஞ்சுக்கிட்டு நிக்குது. புருசனுங்க, வேற யாரு?”

என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அது துணி, சைக்கிள் ரிம்மில் மாட்டிய பனியன் துணி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. இரண்டு பேர் எழுந்து எனக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். நேற்று வரை டீச்சருக்குக் கொடுக்கும் மரியாதை அது. அன்று வேறு எதற்கோ கொடுத்தார்கள்.

கமிட்டித் தலைவரிடம் பார்த்ததை முழுக்கச் சொன்னேன். யார் கட்டினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கவனமாகக் கேட்டார். அன்றிரவே நான்கு பேரோடு போய்ப் பார்த்தார். மறுநாள் பங்கு அலுவலகத்தில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

“துணியும் இல்லீங்க டீச்சர், ரிம்மும் இல்லீங்க. ஒண்ணுமே இல்லீங்க. வெறுங்காத்துதான் அடிச்சுது.”

“சிலுவையில் கம்பி உராய்ந்த தடம் இருக்கிறதே.”

“துருப் புடிச்ச இரும்புங்க, தடம் இருக்கத்தான செய்யும். ஒரு துண்டுத் துணியாவது கொண்டாந்திருக்கலாமுங்களே?”

திருப்பூரில் பனியன் துணியைச் சாட்சியாகக் காட்டுவதும் ஆற்றங்கரையில் மணலைச் சாட்சியாகக் காட்டுவதும் ஒன்றுதான். அவருக்கும் அது தெரியும். கெட்ட மனிதர் இல்லை. தயங்கித் தயங்கித்தான் மீதியைச் சொன்னார். “நான் உங்கள நம்பறனுங்க. ஆனா சனங்களுக்கு இத்தன நாளு அது ஏதோ ஒரு பேயிங்க. இப்ப அதுக்கு அருளப்பன் சார்னு பேரு வெச்சுட்டாங்க. பேரு வெச்சதுக்கு அப்புறம் என்னங்க பண்றது?”

அந்த வருடம் நவம்பரில் வந்த கல்லறைத் திருநாளோடு புது அடக்கங்கள் நின்றுவிட்டன. பேய் இல்லை என்று காட்டப் போனவள், பெயரில்லாத பேய்க்கு என் கணவரின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். முத்துப்பேச்சியை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவளுடைய துணி மறுநாள் எங்கே காய்ந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று எச்சரிக்காமல் போயிருந்தால் கமிட்டி துணியைப் பார்த்திருக்கும், எனக்கு என் இடம் கிடைத்திருக்கும். இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். மறுபடி அந்த ராத்திரி வந்தாலும் எச்சரித்துத்தான் இருப்பேன். அதற்காக மனம் சமாதானமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. பகலில் போங்கள். நான் சொன்ன கட்டணங்கள் பழையவை, இப்போதைய கட்டணத்தைப் பேருந்து நிலையத்தில் கேளுங்கள். கல்லறைத் திருநாளையொட்டி நாள் முழுக்கத் திறந்திருக்கும், மற்ற நாட்களில் பங்கு அலுவலகத்தில் அனுமதி கேட்டால் சாவி தருவார்கள். சுவர் ஏறிக் குதிக்காதீர்கள், பின்சுவரைக் கட்டி மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். ஆடியில் போனால் கண்ணுக்கு மூக்குக்கண்ணாடியும் தலைக்குத் துணியும் அவசியம். வார் வைத்த செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், நெருஞ்சி முள் அதிகம். கல்லறைகளின் மேல் உட்காராதீர்கள், கேமராவை வைக்காதீர்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கிராமபோன் ஊசி உராய்வது போல இரும்புச் சிலுவையில் காற்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். அதைப் பதிவு செய்து பேய்க்குரல் என்று போட்டால் நான் மறுப்பு எழுதுவேன்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போதைய கமிட்டிக்கு இதைக் காட்டுங்கள். எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. அருளப்பனின் இடப்பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, போன வருடம் நேரில் பார்த்தேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் “பாத்துக்கலாமுங்க” என்று சொல்கிறார்கள். அந்த வார்த்தையை வைத்து யாரும் குழி வெட்ட முடியாது. என்னை அந்த இடத்தில் அடக்கம் செய்ய அனுமதி உண்டா, இல்லையா? எதுவானாலும் எனக்கு எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.